தேவாங்குக்கு ஒரு பெட்டிசம்

காலை பத்து மணி ஏழு நிமிடம். நான் முதலில் பார்த்தது தலையில்லாத ஓர் ஈமுவை. கழுத்து வரை ஒழுங்காக நின்றது. கழுத்து முடியும் இடத்தில் பழைய செய்தித்தாளைச் சுருட்டி அடைத்திருந்தார்கள். குதிரைப் பந்தய முடிவுகள் வந்த பக்கம். மூன்றாம் ஓட்டம் வரை வாசிக்க முடிந்தது. தலை திருத்த வேலைக்குப் போயிருப்பதாகக் காலடியில் ஓர் அட்டை சொன்னது.

அது மே மாதப் பள்ளி விடுமுறையின் முதல் செவ்வாய்க்கிழமை. எனக்குப் பதினொரு வயது. எழுபதுகளின் நடுவில் மெல்பேர்னுக்கு வந்து இறங்கிய குடும்பங்களில் வளர்ந்த உங்களுக்கு அந்த விடுமுறைகளை நான் விளக்க வேண்டியதில்லை. போய் நிற்க உறவுக்காரர் தெரு கிடையாது, கோயில் கிடையாது. வீட்டில் இருந்தால் தொல்லை. நோபல் பார்க்கில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் முன்னறையில் அம்மா ஒரு கம்பனிக்காகச் சட்டைக் கொலர் தைத்துக்கொண்டிருந்தார். மெஷின் சத்தத்துக்கு மேலாக யாராவது பேசினால் கத்தரிக்கோலை மேசையில் வைப்பார். மெதுவாக வைக்க மாட்டார். அப்பாவுக்கு டண்டினோங்கில் கார்த் தொழிற்சாலையில் அந்த வாரம் பின்னேர ஷிஃப்ட். காலையில் என்னை வெளியே கூட்டிப்போவது அவர் பொறுப்பு. மழை பெய்தது. இலவசமாக நுழையக்கூடிய ஒரு கூரை வேண்டியிருந்தது.

ஒரு சங்கம் நடத்திய சிறிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் அது. இன்றைக்கு அந்தச் சங்கமும் இல்லை, கட்டடமும் இல்லை. மெழுகு பூசிய மரத்தரை. நப்தலீன் உருண்டை மணம். உள்ளே தெருவைவிடக் குளிர். சாவிக்கொத்து வைத்திருந்த காவலாளி எங்களைச் சரியாகப் பத்தடி பின்னால் தொடர்ந்தார். நாங்கள் நின்றால் நின்றார். அந்தக் காலையில் அங்கே ஒரு வெள்ளைக்காரத் தாயும் மூன்று பிள்ளைகளும் இருந்தார்கள். பிள்ளைகள் கயிற்றைத் தாண்டிப் போய் முதலையின் வாய்க்குள் கையை விட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் எவரும் போகவில்லை.

மூன்றாவது அறையில் அப்பா நின்றார். முழங்கால் உயரத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே பச்சை பூசிய கிளையைப் பற்றியபடி ஒரு தேவாங்கு. கண்களுக்குப் பதிலாகப் பொருத்தியிருந்த கண்ணாடி உருண்டைகள் ஒன்று பெரிது, ஒன்று சிறிது. முழங்கையில் மயிர் உதிர்ந்து தோல் தெரிந்தது. பெயரட்டையில் "மந்தத் தேவாங்கு. மலாயா" என்று எழுதியிருந்தது.

அப்பா குந்தியிருந்து பார்த்தார். எழுந்து மற்றப் பக்கம் போய்ப் பார்த்தார். இருபது நிமிடம்.

"இது மலாயாச் சாதி இல்லை," என்றார். "கையைப் பார். பென்சில் மாதிரிக் கை. மலாயாச் சாதி கட்டை, முதுகில கோடு இருக்கும். இது எங்கட. வன்னிக் காட்டில இருக்கிறது."

கண்ணாடியில் சாய வேண்டாம் என்றார் காவலாளி. அப்பா சாயவில்லை. அவர் விரல் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தது.

அப்பா யாழ்ப்பாணத்தில் ஒரு கல்லூரியில் பதினான்கு வருடம் விலங்கியல் கற்பித்தவர். இங்கே கார்க் கதவுகளுக்கு ரப்பர் விளிம்பு ஒட்டினார். பசையைத் துடைக்கும் திராவகத்தால் விரல் நுனிகள் வெடித்திருந்தன. கல்வித் திணைக்களத்துக்கு ஆசிரியர் வேலை கேட்டு எழுதியிருந்தார். மேலதிக ஆவணங்கள் எதையாவது சேர்க்க விரும்பினால் ஓகஸ்ட் முடிவதற்குள் அனுப்பலாம் என்று அந்த மாதம்தான் பதில் வந்திருந்தது. "விரும்பினால்" என்பதை அப்பா கட்டளையாக வாசித்தார். அவர் வளர்ந்த ஊரில் அரசாங்கம் விருப்பத்தைக் கேட்பதில்லை. பட்டம் மட்டும் போதாது, இந்த நாட்டுப் பெரிய இடம் ஒன்று தன் முகவரி அச்சிட்ட தாளில் இவர் விலங்கியல் தெரிந்தவர் என்று எழுதித் தர வேண்டும் என்று முடிவெடுத்தார். கார்த் தொழிற்சாலை அதை எழுதித் தராது. தேவாங்கின் முன்னால் நின்றபோது அந்தத் தாள் எங்கிருந்து வரும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பெயரட்டை பிழை என்று அருங்காட்சியகம் ஒப்புக்கொண்டு ஒரு கடிதம் தந்தால் போதும்.

வியாழக்கிழமை மறுபடி போனோம். விசாரணை மேசையில் இருந்த இளைஞன் அப்பா சொன்னதை முழுவதும் கேட்காமல், எழுத்தில் அனுப்புங்கள் என்றான். அப்பா தொடக்கத்திலிருந்து மறுபடி சொன்னார். அவரது ஆங்கிலம் திருத்தமானது, நீளமானது. இளைஞன் என்னைப் பார்த்து, உன் அப்பாவுக்கு விளங்கவில்லையா என்று கேட்டான்.

அப்போதுதான் பின்கதவு வழியாக அந்தப் பெண்மணி வந்தார். ஐம்பது வயதிருக்கும். பழுப்பு மேலங்கி, விரல்களில் கறுப்பு மை, காதில் செருகிய பென்சில். பெயரட்டைகளை எழுதுகிறவர் அவர். தேவாங்கா என்று மட்டும் கேட்டார். எங்களைத் தன் அறைக்குக் கூட்டிப்போனார். கதவில் அவர் முழுப்பெயர் எழுதிய பலகை இருந்தது.

அவர் எங்களிடம் அன்பாக இருந்தார் என்று சொல்ல முடியாது. உட்காரச் சொல்லவில்லை. என் பெயரைக் கேட்கவில்லை. ஆனால் சரியாக இருந்தார். அலமாரியிலிருந்து தோல் கட்டிய பதிவேடு ஒன்றை இறக்கி, தேடாமலே பக்கத்தைத் திறந்தார். பழைய சாய்வெழுத்தில் இருந்தது: தேவாங்கு, ஆண், சிலோன், வடக்கு மாகாணம். அன்பளிப்பு, ஒரு தோட்டத்துரை.

"நீங்கள் சொல்வது சரி," என்றார். "அந்த அட்டையை அருங்காட்சியகத் தலைவர் தன் கையால் எழுதினார். இப்போது இங்கிலாந்தில் இருக்கிறார். செப்டம்பரில் வருவார், டிசம்பரில் ஓய்வு. ஜனவரியில் நான் மாற்றி எழுதுவேன். விலங்கு செத்து எழுபது வருடம். அதற்கு அவசரமில்லை."

தனக்கு அவசரம் என்றார் அப்பா. திணைக்களத்தின் கதையைச் சொன்னார். அந்தப் பெண்மணி சிகரெட் ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டு கடைசிவரை கேட்டார். கடிதத்தில் கையெழுத்துப் போடத் தனக்கு அதிகாரம் இல்லை, துணைத் தலைவரின் மேசைக்கு எப்படியாவது ஒன்றைக் கொண்டுபோக முடியுமா என்று பார்க்கிறேன் என்றார். பிறகு பதிவேட்டை மூடினார்.

"நான் உங்களுக்கு எதையும் காட்டவில்லை. இந்தப் புத்தகத்தை நீங்கள் பார்க்கவில்லை. என் பெயர் எங்கேயும் வரக் கூடாது."

அதைச் சொன்னபோது அவர் அப்பாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

மே போனது. ஜூன் போனது. கடிதம் வரவில்லை. அப்பா ரயில் நிலையத் தொலைபேசிக் கூண்டிலிருந்து இரண்டு தரம் அழைத்தார். இரண்டு தரமும் விசாரணை மேசை இளைஞன் எடுத்தான்.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா சாப்பிட வந்தார். அம்மாவின் தம்பி. கிளென் வேவர்லியில் சொந்த வீடு, மின்சாரப் பொறியியலாளர், எங்களுக்கு ஸ்பொன்சர் செய்தவர் என்பதை எந்தச் சாப்பாட்டிலும் மறக்க விடாதவர். அவருக்கு அம்மா தேவாங்குக் கதையைச் சொல்லியிருக்கிறார். நண்டுக் குழம்பை உறிஞ்சிக்கொண்டே கேட்டார்.

"என்ன அத்தான், குரங்குக்கு வழக்காடப் போறியளாம்?"

அது குரங்கு இல்லை என்று அப்பா தொடங்கினார்.

"ஓம் ஓம், தேவாங்கு. மெலிஞ்ச தேவாங்குக்கு மெலிஞ்ச ஆள் சாட்சி." அம்மா சிரித்துவிட்டார். "சும்மா விடுங்கோ அத்தான். வெள்ளைக்காரன் எழுதினதை நாங்கள் வந்து திருத்துறதே? உங்கட ஃபோமன் எனக்குத் தெரிஞ்சவன், அவனிட்டைச் சொல்லி உங்களைச் சாமான் ஸ்ரோருக்கு மாத்துவிக்கிறன். பசை மணக்காது."

அப்பா கையைக் கழுவிவிட்டு வந்து, சாப்பாட்டு மேசையின் மறுமுனையைத் துடைத்து, என்னைக் கூப்பிட்டார். ஃபுல்ஸ்காப் தாள், ஐந்து கார்பன், குண்டூசி. மாமா இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை.

பெட்டிசம் என்றால் என்னவென்று உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். இடமாற்றம் வேண்டுமா, தெருவுக்குத் தார் வேண்டுமா, பக்கத்து வீட்டுக்காரன் வேலியைத் தள்ளிப் போட்டானா, ஊரில் பெட்டிசம் போட்டார்கள். தாளின் இடப்புறம் கால்பங்கை மடித்து ஓரம் விடவேண்டும். பந்திகளுக்கு எண் போடவேண்டும். கடைசியில் பிரதிகள் யாருக்கு என்ற பட்டியல் வரும். பட்டியல் நீளமாக இருந்தால்தான் முதலாவது ஆள் பயப்படுவான். மந்திரிக்கு ஒரு பிரதி போனால் மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் கோப்பு எழுந்து நடக்கும் என்பார் அப்பா. அது அங்கே உண்மை. அவர் தன் முதலாவது இடமாற்றத்தை அப்படித்தான் வாங்கினார். அதில் தனக்கு உதவிய எழுதுவினைஞரின் பெயரைப் பாராட்டி எழுதியதால் அந்த மனிதருக்கும் பதவி உயர்வு வந்தது என்று பெருமையாகச் சொல்வார்.

அப்பாவின் கையெழுத்து கரும்பலகைக்குப் பழகியது. தாளில் மேல்நோக்கி ஏறும். என் கையெழுத்து அழகு. அதனால் அவர் சொல்ல நான் எழுதினேன். அடியில் ஐந்து பிரதிகளும் விழ வேண்டும் என்பதற்காகப் பேனாவை அழுத்தினேன். நடுவிரலில் குழி விழுந்தது. முதல் ஐந்து பந்திகளில் தேவாங்கின் கை, கால், முதுகு, மூக்கு, வாழும் காடு. ஆறாம் பந்திக்கு வந்தபோது அவர் எழுந்து நின்று சொன்னார். அந்தப் பெண்மணியின் முழுப்பெயர், அவரது வேலை, பதிவேட்டின் பக்க எண். அந்தப் பக்கத்தை அவர் நேரில் திறந்து காட்டினார் என்றும், பெயரட்டை பிழை என்பதைத் தலைவர் அறிந்தே வைத்திருக்கிறார் என உறுதிப்படுத்தினார் என்றும் வந்தது. "அறிந்தே" என்பது அப்பாவின் சேர்க்கை.

நான் பேனாவை எடுத்தேன்.

"அப்பா, அவ சொல்ல வேண்டாம் எண்டு சொன்னவ."

"அது தன்னடக்கம். படிச்ச ஆக்கள் அப்பிடித்தான் சொல்லுவினம்."

"இல்லை அப்பா. இஞ்ச அது போட்டுக் குடுக்கிறது. பள்ளிக்கூடத்தில அப்பிடிச் செய்தா ஒருத்தரும் கதைக்க மாட்டினம்."

"சாட்சி இல்லாத பெட்டிசத்தை ஆர் வாசிப்பான்? அவவின்ர பேர் மந்திரியின்ர மேசைக்குப் போனா அவவுக்குத்தான் மரியாதை. எழுது."

அம்மா குசினியிலிருந்து வந்து நின்றார். "உங்களுக்கென்ன விசரே? அந்த மனிசி உதவி செய்தது. அவளை ஏன் உதுக்குள்ள இழுக்கிறியள்?"

"உனக்குக் கொலர் தைக்கத் தெரியும். அதைப் பார்," என்றார் அப்பா.

மாமா தட்டில் கை கழுவினார். நான் எழுதினேன். அன்று எழுதியதில் ஆறாம் பந்திதான் மிக அழகாக வந்தது. ஓர் அடித்தல்கூட இல்லை.

பிரதிகள்: மந்திரி, தொகுதி உறுப்பினர், சங்கத்தின் தலைவர், பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர், ஒரு செய்தித்தாளின் ஆசிரியர். மூலப்பிரதி அருங்காட்சியகத் துணைத் தலைவருக்கு. செவ்வாய்க்கிழமை காலை வேலைக்குப் போகும் வழியில் அப்பா ஆறு உறைகளையும் தபாலில் போட்டார்.

ஓகஸ்ட் நடுவில் பதில் வந்தது. துணைத் தலைவர் நேரில் வரச் சொல்லியிருந்தார். ஓகஸ்ட் கடைசியில் தொடங்கிய பள்ளி விடுமுறையின் முதல் திங்கட்கிழமை, பதினொரு மணிக்கு. அப்பா தன் கலியாணக் கோட்டை உடுத்தார். தோள்கள் பொருந்தின, வயிறு தளர்ந்து தொங்கியது. ரயிலில் டை முடிச்சை மூன்று தரம் அவிழ்த்துக் கட்டினார். அந்த ஒன்றேகால் மணி நேரம் அவர் மகிழ்ச்சியாக இருந்தார். இந்த நாட்டில் அதற்கு முன் அப்படி அவரை நான் பார்த்ததில்லை.

துணைத் தலைவரின் அறையில் இரண்டு கதிரைகள் இருந்தன. ஒன்றில் அவர். மற்றதில் சஞ்சிகைக் கட்டு. அதை அவர் எடுக்கவில்லை. எங்கள் பெட்டிசம் மேசையில் விரித்திருந்தது. என் கையெழுத்தைத் தலைகீழாக வாசித்தேன். ஆறாம் பந்தியின் பக்கத்தில் யாரோ சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள்.

பெயரட்டை மாற்றப்பட்டுவிட்டது என்றார். ஓர் உறையை நீட்டினார். அப்பா நின்றபடியே பிரித்து வாசித்தார். மூன்று வரி. பிழையைச் சுட்டிக்காட்டியதற்கு நன்றி, அவரது அறிவியல் ரீதியான அவதானிப்பு சரியானது. முகவரி அச்சிட்ட தாள். முத்திரை. அப்பாவுக்கு வேண்டியது அதுதான். அதை மடிக்காமல் உறைக்குள் வைத்து, உள் பையில் போட்டுக்கொண்டார்.

பிறகு அந்தப் பெண்மணிக்கு நேரில் நன்றி சொல்ல விரும்புவதாகச் சொன்னார்.

"அவர் இப்போது இங்கே இல்லை."

"விடுமுறையா?"

"இல்லை."

துணைத் தலைவர் குரலை உயர்த்தாமல் விளக்கினார். மந்திரியின் அலுவலகம் சங்கத்திடம் எழுத்தில் விளக்கம் கேட்டது. அரசாங்க உதவித்தொகை புதுப்பிக்கும் மாதம். தலைவர் தெரிந்தே பொய்யைக் காட்சிக்கு வைத்தார் என்று சொன்ன ஊழியர் யார் என்று சங்கத்தின் குழு கேட்டது. அது பெட்டிசத்திலேயே இருந்தது. அந்தப் பெண்மணி பதினொரு வருடமாகத் தற்காலிக ஊழியர். தற்காலிக ஊழியரை நிறுத்தக் காரணம் எழுதத் தேவையில்லை.

அப்பா பையிலிருந்து பேனாவை எடுத்தார். அந்தப் பெண்மணி மிகத் திறமையான உத்தியோகத்தர், அதை நான் எழுத்தில் தரத் தயார், யாருக்கு முகவரியிட வேண்டும் என்று கேட்டார்.

"ஐயா," என்றார் துணைத் தலைவர், "நீங்கள் அவரைப் பற்றி எழுதியது போதும்."

வெளியேறும் வழி மூன்றாவது அறையால்தான். பெட்டியில் புதிய அட்டை இருந்தது. தட்டச்சில் அடித்தது. தேவாங்கு, சிலோன், பெண் என்றிருந்தது. பதிவேட்டில் ஆண். அப்பாவும் அதைக் கண்டார். நடையை நிறுத்தவில்லை. காவலாளி பத்தடி பின்னால் வாசல்வரை வந்தார்.

ரயிலில் காலியான பெட்டி. ஸ்பிரிங்வேல் தாண்டும்போது அப்பா சொன்னார்: "அவவுக்கு வேற இடத்தில குடுப்பினம். அனுபவம் உள்ளவ." அவர் என்னிடம்தான் சொன்னாரா என்பது நிச்சயமில்லை. வீட்டில் அம்மா எல்லாவற்றையும் கேட்டார். "பதினொரு வருசம்," என்றார். மெஷினைப் போட்டார். அடுத்த இரண்டு வாரம் அவர்கள் இருவரும் என் மூலமாகத்தான் பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் காலை சாப்பாட்டு மேசையில் மறுபடி ஃபுல்ஸ்காப் தாள். கார்பன் எட்டு. அந்தப் பெண்மணியைத் திரும்ப வேலைக்கு எடுக்கும்படி பெட்டிசம், இந்தத் தரம் பிரதம மந்திரிக்கும் ஒரு பிரதி. அதைக் கேலியாகச் சொல்ல எனக்கு இப்போதும் வரவில்லை. அவரிடம் இருந்த ஒரே கருவி அது. அது உடைத்ததைச் சரிசெய்யவும் அதையே எடுத்தார்.

"எழுது."

"ஏலாது."

"எழுது எண்டு சொன்னனான்."

"உங்கட கையால எழுதுங்கோ."

அவர் என்னை அடித்தது அந்த ஒரு தரம்தான். கையில் பேனா மூடி இருந்ததால் உதடு வெடித்தது. அம்மா மெஷினை நிறுத்தவில்லை. பிறகு அப்பா தானே எழுதினார். வரிகள் மேல்நோக்கி ஏறின. எவரிடமிருந்தும் பதில் வரவில்லை.

நீண்ட காலம் இதை அப்பாவின் குற்றமாகவே வைத்திருந்தேன். அப்படி வைத்திருப்பது வசதி. பிற்காலத்தில் பிறர் எழுதியதைத் திருத்துவதே என் பிழைப்பானது. எந்தப் பந்தியை வெட்ட வேண்டும் என்பதில் எனக்கு நல்ல பெயர் இருந்தது. பதினொரு வயதிலும் அது எனக்குத் தெரிந்திருந்தது. தலையாட்டியது நான். அடித்தலில்லாமல் எழுதியதும் நான். அந்தப் பெண்மணியின் குடும்பப் பெயர் அன்றைய தொலைபேசிப் புத்தகத்தில் ஒன்றரைப் பத்தி நீளம் இருந்தது. அந்த வருடமே ரயில் நிலையத் தொலைபேசிக் கூண்டிலிருந்து முதல் பதினைந்து எண்கள் வரை அழைத்தேன். யாராவது எடுத்ததும் வைத்துவிட்டேன்.

நவம்பரில் கல்வித் திணைக்களத்திலிருந்து தடித்த உறை ஒன்று வந்தது. அப்பாவுக்கு வேலை கிடைத்திருந்தது. ஒரு தொழில்நுட்பப் பள்ளியில், பெப்ரவரியிலிருந்து. அவர் அனுப்பிய இணைப்புகளைத் திருப்பி வைத்திருந்தார்கள். அருங்காட்சியகக் கடிதம் மேலே இருந்தது. அதில் அச்சடித்த சீட்டு ஒன்றைக் குத்தியிருந்தார்கள்: பட்டச் சான்றிதழும் பிறப்புச் சான்றிதழும் தவிர வேறு ஆவணங்கள் பரிசீலிக்கப்படுவதில்லை. பட்டச் சான்றிதழின் பிரதியைத் திருப்பினேன். பின்புறத்தில் ஊதா முத்திரை, தகுதி ஏற்கப்பட்டது என்று. முத்திரையில் இருந்த மாதம் ஜூன். பெட்டிசத்தை நாங்கள் தபாலில் போட்டது ஜூலையில்.